காற்றை எடுத்துவிட்டால்

ஜனவரி 11, 1971

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். அண்ணா என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூங்கினார், வெளிக்குப் போனாரா என்று தினமும் குறித்துவைத்தால் மருந்தைக் கூட்டிக் குறைக்க வசதியாக இருக்குமாம். வீட்டில் எழுதாத டைரி இது ஒன்றுதான். பம்புசெட் கம்பெனிக்காரர்கள் வருஷப் பிறப்புக்கு அண்ணாவுக்கு அனுப்பியது. அவர் கையெழுத்துக்கூடப் போட முடியாமல் படுத்திருப்பது அவர்களுடைய ஆபீசில் எல்லோருக்கும் தெரியவில்லை போல.

காலை ராகிக் கஞ்சி அரை டம்ளர். மதியம் குழைந்த சோறும் ரசமும். வாதத்தில் விழுந்த வலது கை, வலது கால் அப்படியேதான். பேச்சு இன்னும் வரவில்லை. "போ" என்ற ஒரே எழுத்து மட்டும் வருகிறது. எதற்கும் அதுதான்.

ஜனவரி 13

கஞ்சி. சோறு. வெளிக்குப் போகவில்லை. பீளமேட்டில் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. பொங்கலுக்கு வீடு கழுவவில்லை.

ஜனவரி 17

தனபால் பம்பாயிலிருந்து எழுதியிருக்கிறான். அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்கிறேன், நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, வத்சலாவுக்கு அடுத்த மாதம் பிரசவம், பேரனோ பேத்தியோ வந்தால் அப்பாவுக்கும் தெம்பாக இருக்கும் என்கிறான். பிள்ளைக்கு அப்பன்மேல் இருக்கிற பாசம். நான் வளர்த்த பிள்ளை, வேறு எப்படி எழுதுவான்?

டாக்டரிடம் கேட்டேன். படுக்கை வசதியோடு, துணைக்கு ஆள் இருந்தால் ரயிலில் போகலாம் என்றார். டாக்டர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். இரண்டு ராத்திரி ரயிலில் இவரைப் புரட்டிப் போட்டு முதுகு துடைப்பது அவர்கள் இல்லையே. இப்போது வேண்டாம், உடம்பு தேறட்டும் என்று பதில் போட்டேன்.

ஜனவரி 20

மதியம் அண்ணா தூங்கவில்லை. ஏதாவது வாசித்துக் காட்டலாம் என்று அவருடைய அலமாரியைக் குடைந்தேன். மூர் மார்க்கெட்டில் வாங்கிவந்த பழைய ஆங்கிலப் புத்தகம் அகப்பட்டது. மனிதன் பறக்கப் பட்ட பாடு எல்லாம் அதில் இருக்கிறது. நல்ல நாளில் அண்ணா சோறு உண்ணும்போதெல்லாம் இதிலிருந்துதான் ஏதாவது சொல்வார். நான் மோர் ஊற்றிக்கொண்டே கேட்பேன்.

முந்நூறு வருஷத்துக்கு முன் இத்தாலியில் லானா என்று ஒரு பாதிரியார். காற்றுக்கு எடை உண்டு என்பது அப்போதுதான் புதிதாகத் தெரிந்திருந்தது. அப்படியானால் மெல்லிய செப்புத் தகட்டில் பெரிய பெரிய கோளங்கள் செய்து, உள்ளே இருக்கும் காற்றை முழுவதும் எடுத்துவிட்டால், கோளம் வெளிக்காற்றைவிட லேசாகிவிடும். தக்கை தண்ணீரில் எழும்புவதுபோல மேலே எழும்பும். நாலு கோளம், நடுவில் ஒரு படகு, ஒரு பாய்மரம். படம் போட்டிருக்கிறது. கையில் காசு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சபதம் எடுத்த சாமியார் என்பதால் அவரால் செய்து பார்க்க முடியவில்லை. இப்படி ஒன்று பறந்தால் மேலேயிருந்து ஊர்கள்மேல் நெருப்பைப் போடுவார்கள், அதனால் கடவுள் இதை நடக்க விடமாட்டார் என்றும் எழுதிவைத்துவிட்டுப் போனாராம்.

கடவுள் வரைக்கும் போயிருக்க வேண்டாம். வெளியிலிருக்கும் காற்றே விடாது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் அது நாலாபக்கமும் அழுத்தி நசுக்கிவிடும். பின்னால் வந்தவர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் கோளம் என்பதால் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமம், ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் என்று லானா சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. எவ்வளவு கனத்தில் தாங்கும்? புத்தகத்தில் அது இல்லை.

வாசித்து முடித்ததும் அண்ணா ஜன்னல் பக்கம் பார்த்து "போ" என்றார். மேலே வாசி என்கிறார். இன்னொரு தரம் வாசித்தேன்.

ஜனவரி 22

தூங்கவில்லை. அண்ணாவைச் சொல்லவில்லை, அவர் நன்றாகத் தூங்கினார்.

ஜனவரி 25

டியூஷன் பிள்ளைகள் போனபிறகு சிலேட்டில் கணக்குப் போட்டேன். நான் பி.எஸ்ஸி. பௌதிகத்தை இரண்டாம் வருஷத்தோடு விட்டவள். அண்ணி தவறிப்போன வருஷம் அது. தனபாலுக்கு மூன்று வயது. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

சிகரெட் பெட்டி அட்டையைவிட மெல்லிய செப்புத் தகடு எடுத்தால்கூடக் கோளம் ஒரு மாடி உயரத்துக்கு மேல் இருந்தால்தான் எழும்பும். அது நம்மால் ஆகாது. ஆனால் ஒரு சின்னக் கோளம் செய்து, காற்றை எடுத்து, எடை குறைகிறதா என்று தராசில் பார்க்கலாம். நசுங்காமல் நிற்கிறதா என்றும் பார்க்கலாம். பறக்காது. ஆனால் லானா சொன்னதில் பாதி கண்ணுக்குத் தெரியும்.

அண்ணாவிடம் சிலேட்டைக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். களைப்பு. இருந்தாலும் அவருக்குப் பிடித்த வேலை ஒன்று நடக்கிறது என்றால் மனசு தேறும்.

ஜனவரி 29

ஆவாரம்பாளையம் போய் வரதராஜுலு நாயுடுவைப் பார்த்தேன். அண்ணாவும் அவரும் ஒரே கம்பெனியில் இருந்தவர்கள். இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்து அண்டா, குண்டா, பம்புக்கு வேண்டிய சாமான் எல்லாம் செய்கிறார். இரண்டு பெரிய செப்பு அரைக்கோளம் வேண்டும், வாயோடு வாய் வைத்து ஒட்ட வேண்டும், ஒரு வால்வு வேண்டும் என்றேன். கல்யாணத்துக்கா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. அண்ணாவுக்கு ஆசை என்றேன். அப்படியானால் செய்து தருகிறேன், உங்கண்ணன் சென்னியப்பனுக்கு நான் நிறையக் கடமைப்பட்டவன் என்றார். தகடு அரை மில்லிமீட்டர் கனம் என்று பேசிக்கொண்டோம்.

வருவதற்கு நேரமாகிவிட்டது. அண்ணாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டுக்காரி பாதியில் போய்விட்டிருந்தாள். வேட்டி ஈரம். எவ்வளவு நேரமாகக் கிடந்தாரோ. துடைத்து மாற்றினேன்.

பிப்ரவரி 6

தேர்தல் ஒலிபெருக்கி. காதெல்லாம் வலி. அண்ணாவுக்குக் கஞ்சி, இட்லி ஒன்று.

இடது கையால் அலமாரிக்கு மேலே காட்டிக்கொண்டே இருந்தார். அங்கே இருப்பது அவருடைய தகரப் பெட்டி. இறக்கித் திறந்தேன். உள்ளே இரண்டு வேட்டிக்கு அடியில் அவருடைய பழைய பம்பு வரைபடங்கள். வால்வு எப்படி அமைப்பது என்று எனக்குக் காட்டத்தான் கேட்டிருக்கிறார்! எல்லாவற்றையும் எடுத்துப் படுக்கையில் பரப்பினேன். காகிதத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டார். "போ, போ" என்றார். எந்த வரைபடம் என்று அவருக்கே நினைவில்லை பாவம். நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

பிப்ரவரி 19

தனபாலுக்கு ஆண் குழந்தை. தந்தி. அண்ணாவிடம் சத்தமாகச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும்.

பிப்ரவரி 27

குழந்தையின் போட்டோவும் கடிதமும். மார்ச் கடைசியில் தனபால் லீவு போட்டு வரப்போகிறானாம். டாக்டர் என்ன சொல்கிறார் என்று திரும்பவும் கேட்கிறான். டாக்டர் பயணம் கூடாது என்கிறார் என்று எழுதினேன். அதோடு, அப்பா ஒரு பெரிய பரிசோதனையில் மூழ்கியிருக்கிறார், அதைப் பாதியில் விட்டால் மனசு ஒடிந்துவிடும் என்றும் எழுதினேன். எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். மை காய்ந்துவிட்டது.

போட்டோவை அண்ணா நெஞ்சின்மேலேயே வைத்திருக்கிறார். முதுகு துடைக்கக்கூட விடமாட்டேன் என்கிறார்.

மார்ச் 5

முதுகில் புண் ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் கோபித்துக்கொண்டார். இரண்டு மணிக்கொருதரம் புரட்டவேண்டும் என்றார். நான் ஒருத்தி.

பட்டறைக்குப் போகவில்லை.

மார்ச் 9

பட்டறைக்குப் போனேன். அரைக்கோளம் இரண்டும் தயார். கவிழ்த்து வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன். வெயில்பட்டுச் சுட்டது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோது நாயுடு, "பெரியண்ணன் பாத்தா சந்தோசப்படுவாருங்கம்மிணி" என்றார். ஆமாம் என்றேன். உண்மையில் அந்த நேரத்தில் அண்ணா நினைவு எனக்கு வரவே இல்லை. விளிம்பு ஓரிடத்தில் சரியாகப் பொருந்தவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16

புண் ஆறிவருகிறது. வேப்பெண்ணெய், பஞ்சு. மருந்து வாசனை வீடு முழுக்க. என் கையிலும் சோற்றிலும்.

அண்ணா என்னைப் பார்ப்பதில்லை. சுவர் பக்கமே திரும்பிக்கொள்கிறார். புரட்டிவிட்டால் திரும்பவும் அதே பக்கம். நோயாளிகளுக்கு இப்படி ஒரு பிடிவாதம் வருமாம்.

மார்ச் 22

ஒட்டி முடித்தாயிற்று. ஈயம் உருக்கி ஓரம் பூசி வால்வும் வைத்துவிட்டார்கள். ஐஸ் பெட்டி ரிப்பேர் கடையிலிருந்து காற்று உறிஞ்சும் பம்பு ஒன்றை நாயுடு இரவல் வாங்கியிருக்கிறார். ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து தராசும் வருகிறது. அடுத்த ஞாயிறு பட்டறை விடுமுறை, அன்று செய்யலாம் என்றார். அண்ணாவையும் டாக்சி வைத்துக் கூட்டிவருகிறேன் என்றேன். உடம்பு தாங்குமா என்று கேட்டார். ஆவாரம்பாளையம் என்ன பம்பாயா?

மார்ச் 27, சனி

தனபால் காலையில் வந்தான். இளைத்திருக்கிறான். வந்ததும் குளிக்கக்கூட இல்லை, அப்பன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "போ" என்றார்.

நான் அடுப்படியிலிருந்து, "அப்பா பரிசோதனையப் பத்திச் சொல்றாரு தனபாலு. நாளைக்குத்தான் அது. எப்பப் பாத்தாலும் அதே நெனப்புதான்" என்றேன்.

தனபால் கொஞ்சம் குனிந்து, "எங்கீங்கப்பா? பம்பாய்க்குங்களா? எங்கூட வர்றீங்களா?" என்று கேட்டான்.

அண்ணா அழுதார். வாய் கோணிக்கொண்டு, சத்தமில்லாமல். இடது கையால் மகனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

தனபால் என்னைப் பார்த்துச் சொன்னான்: "போலாம்னுதானுங்கத்தை சொல்றாரு."

அடுப்பில் அரிசிம்பருப்புச் சாதம் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. போய் இறக்கினேன்.

சாயங்காலம் அவனிடம் சொன்னேன், நாளைக்கு ஒரு நாள், அதைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று. அப்பாவுக்கும் பார்க்க ஆசை இருக்கும் என்றேன். சரி என்றான். அவன் சின்ன வயசிலிருந்தே நான் சொல்வதைத் தட்டியதில்லை.

மார்ச் 28, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் டாக்சியில் போனோம். தனபால் அப்பனைத் தூக்கிக்கொண்டு வந்து சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தான். நன்றாகத் தெரியட்டும் என்று நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் நகர்த்தியவள் நான். மேஜைமேல் பழைய டயர், அதன்மேல் கோளம். முதலில் காற்றோடு தராசில் தொங்கவிட்டு எடை சரிபார்த்தோம். அப்புறம் பம்பை ஓட்டினார் நாயுடு. அளவுமானி பாதிக்கு வந்ததும் வால்வை மூடி, குழாயைக் கழற்றி, திரும்பவும் தராசில் மாட்டினோம்.

கோளம் மேலே போனது.

கொஞ்சம்தான். ஒரு பிடி பொரி அளவு இருக்கும். ஆனால் தட்டு ஏறியது. முள் நகர்ந்தது. உள்ளேயிருந்து ஒன்றும் இல்லாததை எடுத்துவிட்டால் எடை குறைகிறது என்பதை என் கண்ணால் பார்த்தேன். ஒன்றும் இல்லாதது இல்லை, காற்று. எடைக்கல்லை எடுத்துவைத்துத் திரும்பவும் சரிபார்த்தேன். தனபால்கூடக் கிட்டே வந்து பார்த்தான்.

நாயுடு, "போதுமுங்கம்மிணி. தராசே சொல்லிருச்சல்லங்க. இதோட நிறுத்திக்கலாமுங்க" என்றார்.

"இன்னுங் கொஞ்சமுங்க. முழுசும் எடுத்துப் பாத்தரலாம்" என்றேன்.

அவர் அண்ணாவைப் பார்த்தார். அண்ணா பெரிய கதவு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாயுடு திரும்பவும் என்னைப் பார்த்தார். நான் குழாயை மாட்டினேன். அண்ணாவைக் கொஞ்சம் தள்ளி ஓரமாக உட்காரவைத்திருக்கலாம். தோன்றவில்லை.

அளவுமானி முக்காலைத் தாண்டியிருக்கும். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். அடுத்த நொடி லாரி டயர் வெடித்ததுபோலக் கேட்டது. கோளம் இருந்த இடத்தில் காலால் மிதித்த தகர டப்பா மாதிரி ஒன்று கிடந்தது. மேஜையிலிருந்து உருண்டு அண்ணாவின் காலடியில் விழுந்தது. காயம் எதுவும் இல்லை. ஆனால் அவர் போட்ட சத்தம்! பேச்சு போனபிறகு அவரிடமிருந்து இவ்வளவு பெரிய சத்தத்தை நான் கேட்டதில்லை. மாட்டின் சத்தம்போல இருந்தது. உடம்பு முழுக்க உதறியது. வேட்டி நனைந்துவிட்டது. தனபால் அப்பனை அப்படியே நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். நாயுடு மோட்டாரை நிறுத்தினார்.

டாக்டர் வந்து ஊசி போட்டார். ஏறியிருந்த ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை, அதிர்ச்சிதான் என்றார். இப்போது அண்ணா தூங்குகிறார்.

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தபோது, கோளம் நசுங்கிய மடிப்பு ஒட்டுப் போட்ட ஓரத்தில் ஆரம்பிக்கவில்லை, பக்கவாட்டில் தகடு லேசாக அமுங்கியிருந்த ஒரு சின்னச் சொட்டையில்தான் ஆரம்பித்தது என்பதைத்தான் முதல் வரியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டு மேலேயிருந்து எழுதினேன்.

மார்ச் 29

தனபால் காலையில் வெளியே போய்விட்டு வந்தான். சாப்பிட உட்கார்ந்தான்.

"டாக்டரப் பாத்துட்டு வந்தேனுங்கத்தை" என்றான்.

சோறு போட்டேன்.

"ரயில்ல போலாம்னு ஜனவரியிலயே சொன்னேனே, உங்கத்தை சொல்லலையான்னு கேட்டாரு."

கொள்ளு ரசம் ஆறிக்கொண்டிருந்தது. ஊற்றிக்கொள் என்றேன். ஊற்றிக்கொண்டான். தலையைக் குனிந்தபடியே பிசைந்தான். ஏன் என்று அவன் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கைகழுவப் போகும்போது, "நீங்களும் வந்திருங்கத்தை. அங்க ஒரு ரூம்பு இருக்குது" என்று மட்டும் சொன்னான். கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

தகரப் பெட்டியை இறக்கினேன். வரைபடங்களை வெளியே எடுத்துவிட்டு அண்ணாவின் வேட்டி, துண்டு, சட்டை, மருந்து, வேப்பெண்ணெய் பாட்டில், பழைய துணி எல்லாம் மடித்து வைத்தேன். புண்ணை எப்படித் துடைப்பது, எந்தப் பக்கம் சாய்த்துக் கஞ்சி கொடுத்தால் புரையேறாது, ராத்திரி எப்போது புரட்டுவது என்று வத்சலாவுக்கு ஒரு தாளில் எழுதினேன். இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. நான் அடுக்குவதை அண்ணா படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 30

ஸ்டேஷனுக்குப் போனேன். கீழ்ப் படுக்கை கிடைத்திருந்தது. தலையணை வைத்துப் படுக்கவைத்து, நெஞ்சில் போட்டோவை வைத்துவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டேன். என்னமோ சொல்ல நினைத்திருந்தேன், மன்னித்துவிடுங்கள் என்றோ என்னவோ. பெட்டி நிறையக் கூட்டம். ஒரு அம்மா தன் கூடையைப் படுக்கைக்கு அடியில் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

அண்ணா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல பிடி. வாயைக் கஷ்டப்பட்டுத் திறந்தார்.

"வா" என்றார்.

புது எழுத்து. இந்தத் தரம் எனக்கு உடனே புரிந்தது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். "நீங்க போயிட்டு வாங்கண்ணா" என்றேன். தனபால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கையை ஆட்டினான். ரயில் போனபிறகும் பிளாட்பாரத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 31

தூங்கினேன்.

ஏப்ரல் 1

தூங்கினேன். டியூஷன் பிள்ளைகள் கதவைத் தட்டிவிட்டுப் போனார்களாம்.

ஏப்ரல் 4

அண்ணாவின் கட்டிலை வெயிலில் போட்டுக் கழுவினேன். அரப்புத் தேய்த்துத் தலைக்குக் குளித்தேன். எப்போது கடைசியாக இப்படிக் குளித்தேன் என்று தெரியவில்லை. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று கை தடுமாறியது. சோறு மீந்துவிட்டது.

ஏப்ரல் 9

தனபால் கடிதம். அப்பா குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். முதுகுப் புண் நன்றாக ஆறிவிட்டது. அத்தை எழுதித்தந்த தாளை வத்சலா சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். பேச்சுக்கு ஒரு டாக்டர் வருகிறார், இப்போது ஏழெட்டு வார்த்தை வருகிறது. என்னென்ன வார்த்தை என்று எழுதவில்லை. நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு முடித்திருக்கிறான்.

தீபாவளிக்கு வருகிறேன் என்று பதில் போட்டேன். டாக்டர் சொன்னதை மறைத்தது தப்பு என்றும் ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் விளக்கம் எழுதவில்லை. எழுதினால் எல்லாம் அண்ணாவுக்காகத்தான் என்று பேனா தானாகப் போகும்.

ஏப்ரல் 12

ஆவாரம்பாளையம் போனேன். நசுங்கிய கோளத்தை நாயுடு உருக்கப் போடவில்லை, மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். வெளியே எடுத்துப் பார்த்தேன். சொட்டை இருந்த இடம், மடிப்பு ஓடிய விதம் எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டேன். நான் நினைத்ததுதான். கனம் மட்டும் போதாது. எங்கேயும் துளிச் சொட்டைகூட இல்லாமல் உருண்டையாக வரவேண்டும்.

இன்னொன்று செய்து தர முடியுமா என்று கேட்டேன். அந்தச் செப்பையே உருக்கி எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இதுவாவது பறக்குமுங்களா?"

"பறக்காதுங்க. எந்த உலோகத்துலயும் பறக்காதுன்னு கணக்குப் போட்டுட்டேன். தாங்கிற அளவு கனமா இருந்தா எழும்பாது, எழும்புற அளவு லேசா இருந்தா தாங்காது."

"அப்பறம் எதுக்குங்க?"

"எவ்வளவு வரைக்கும் தாங்கும்னு பாக்கோணும்."

அவர் சாக்கை மடித்து ஓரமாக வைத்தார். லேத்தில் யாரோ எதையோ கடைந்துகொண்டிருந்தார்கள். "தப்பா நெனைக்காதீங்க. பெரியண்ணனுந்தான் பம்பாய் போயிட்டாரு. இனி யாருக்குங்கம்மிணி இது?"

இத்தனை மாதமாக யார் கேட்டாலும் சொன்ன பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"எனக்குத்தானுங்க" என்றேன்.

குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. நாயுடு என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து, தரையில் உட்கார்ந்து, சிமெண்டின்மேல் ஒரு வட்டம் போட்டார்.

"கனம் சொல்லுங்க" என்றார்.